ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் ஒரு மணி

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி ஐம்பது நிமிடத்துக்கு, எங்கள் குசினியில் இருந்த மின்மணி யாரும் பொத்தானை அழுத்தாமலே அடித்தது. நிமிடக் கணக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த மணியை அடித்தவன் நான்தான். அப்போது நான் வீட்டில்கூட இல்லை. நெல் ஆலையின் டைனமோ அறையில் நின்றேன். எல்லா மாலையும் போல எஞ்சின் சக்கரத்திலிருந்து டைனமோவுக்குத் தோல்வார் பூட்டி, பலகையிலிருந்த பெரிய சுவிச்சைத் தள்ளி, பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆலைக்கும் பின்னாலிருந்த குடியிருப்புக்கும் வெளிச்சம் போயிற்று. வெளிச்சத்தோடு சேர்ந்து வேறொன்றும் போனது எனக்குத் தெரியாது.

மணி வயரையும் கரண்ட் வயரையும் ஒரே குழாய்க்குள் இழுத்தால் என்ன என்று, என்னிடம் மின்வேலை பழகிய உங்களில் ஒருவர் போன மாதம் கேட்டார். "குழாயிலை இடம் கிடக்குது தானே ஐயா" என்று ஒரு சிரிப்பு வேறு. நான் பதில் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டேன். கிழவனுக்குக் காது மந்தம் என்று நீங்கள் முடிவுகட்டியதாகப் பிறகு அறிந்தேன். நேற்று ஓய்வு பெற்றவனைக் கிழவன் என்பது உங்கள் வயதின் பிழை, அதை மன்னிக்கிறேன். காது நன்றாகவே கேட்கிறது. நின்றுகொண்டு சொல்ல முடியாத பதில் என்பதால் கதிரையில் இருந்து எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். பரந்தனுக்குக் கிட்ட இருந்த அந்த ஆலையில் நான் மின்வேலைப் பொறுப்பாளன். ஊருக்கு மின்சாரம் வராத காலம். ஆலை எஞ்சின் பகலில் நெல்லுக் குற்றும். மாலையானால் குற்றுகிற வேலையோடு டைனமோவையும் இழுக்கும். நெல் காயவிடும் சீமெந்துத் தளத்துக்கு அப்பால் எனக்குக் கொடுத்த வீடு. முன்னால் ஒரு விறாந்தை, பிறகு ஒரு கூடம், ஒரு அறை, பின்னுக்குத் தள்ளி ஒரு குசினி. கூடத்திலிருந்து அறைக்கும் அறையிலிருந்து குசினிக்கும் ஒரே ஒரு இரும்புக் குழாய் சுவரோடு ஓடியது. அதற்குள் விளக்குகளுக்கான கரண்ட் வயர். வீட்டுக்கென்று தனியாகப் பெரிய சுவிச் கிடையாது. வீட்டில் கரண்டை நிற்பாட்ட வேண்டுமானால் ஆலைக்குத்தான் போக வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

என் மகள் மலர் தலைப்பிள்ளைக்கு எங்களிடம் வந்திருந்தாள். அவளுடைய கணவர் ஓமந்தைப் பக்கம் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பித்தார். ஊரே அவரை மாஸ்டர் என்றது. நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். நல்ல பிள்ளை. படித்த பிள்ளை. மாமியாருக்குப் பிடித்த பிள்ளை. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஒரு வீட்டில் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதைக் கலியாணம் செய்யாத நீங்கள் இனித்தான் அறியப்போகிறீர்கள்.

எஞ்சின் ஓடும்போது அறையிலிருந்து கூப்பிட்டால் குசினிக்குக் கேட்காது. மலர் தண்ணீர்ச் செம்பால் கட்டில் சட்டத்தில் தட்டிப் பார்த்தாள். அதுவும் கேட்கவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த மாஸ்டர்தான் யோசனை சொன்னார்.

"மாமா, ஒரு மின்மணி போட்டால் என்ன? ரெண்டு பற்றரி, ஒரு பொத்தான், ஒரு மணி. பள்ளிக்கூடத்திலை பொடியளுக்கு நான் செய்து காட்டுற சாமான்தான்."

"நல்லது தம்பி. சுவரோடை தனியா வயரைக் கொண்டுபோவம். சாண் சாணாய்க் கவ்வி அடிச்சால் போதும்" என்றேன்.

என் மனைவி சோற்றுக் கரண்டியோடு குசினி வாசலில் வந்து நின்றா.

"கவ்வி எண்டால் என்ன?"

"வயரைப் பிடிக்கிற தகரத் துண்டு."

"அதை என்னத்தாலை அடிக்கிறது?"

"ஆணியாலைதான்" என்றேன்.

"வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுச் சுவரிலை ஆணி அடிக்கிறதோ? கொழும்பிலை இதைத்தானோ படிச்சனீங்கள்?"

உங்களில் பலருக்குத் தெரிந்த வழக்கம்தான். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, வேலிக்குக் கதிகால் நடக் கூடாது. அந்த வருடத்துக் கலண்டரே அலுமாரியில் சாய்ந்தபடிதான் எங்கள் வீட்டில் நாள் காட்டிக்கொண்டிருந்தது.

"மில்லிலை நாள் முழுக்க இரும்பு அடிக்கிறம்" என்றேன்.

"அது மில். இது வீடு. அங்கை ஆரும் பிள்ளை பெறேல்லை."

பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். விசயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள்தான் அந்த வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் எஞ்சின்காரர் இஸ்மாயில் நானா மத்தியானம் பள்ளிவாசலுக்குத் தொழப் போவார். அவர் வரும்வரை எஞ்சினை நான் பார்ப்பேன். அதனால் வீட்டுக்குச் சாப்பிட வருவதில்லை. நான் இல்லாத அந்தப் பகலில் மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். மாமியாரின் சொல்லும் தவறாமல், மனைவியின் கஷ்டமும் தீர, ஒரு ஆணியும் அடிக்காமல் அறையிலிருந்து குசினிக்கு வயர் போக ஒரு வழி சுவரில் ஏற்கனவே இருந்தது. குழாய்.

பகலில் டைனமோ ஓடாததால் பயமும் இல்லை. குழாய்க்குள்ளால் ஒரு கம்பியை விட்டு, அதன் முனையில் மணி வயரைக் கட்டி, இழுத்து எடுத்துவிட்டார். பருத்தி நூல் சுற்றிய மெல்லிய வயர். குசினியில் மணியும் பற்றரியும் பலகைத் தட்டில். அறையில் பொத்தான். பொத்தானைச் சுவரில் பூட்டவும் ஆணி வேண்டுமே. அதற்கும் அவர் வழி கண்டார். மலர் படுத்திருந்த இரும்புக் கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் வயரைச் சுற்றி இறுக்கி, பொத்தானைத் தொங்கவிட்டார். அழுத்திப் பார்த்தார்கள். மணி வடிவாக அடித்தது. என் மனைவி அன்று பகல் முழுவதும் அந்த மணிக்காகவே குசினியில் காத்திருந்ததாகவும், அடிக்காத நேரத்தில் தானே அறைக்குப் போய் ஒருதரம் அழுத்திவிட்டு வந்ததாகவும் மலர் பிறகு சொன்னாள். மாமா வந்ததும் காட்டுவோம் என்று எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

மாலை ஐந்து மணிபோல மலருக்கு நோ தொடங்கியது. வட்டக்கச்சியிலிருந்து மருத்துவிச்சியைக் கூட்டிவர ஆலை லொறியை என் மனைவி அனுப்பினா. லொறிக்காரர் போகிற வழியில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஒரே யோசனை, பிள்ளையின் அறையில் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான். அதனால் பொழுது படமுன்னமே வார் பூட்டினேன். சுவிச்சைத் தள்ளினேன். ஐந்து ஐம்பது.

அந்தச் சுவிச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைத் தொடுகிற உரிமை என் ஒருவனுக்கே என்று ஆலையில் சட்டம் வைத்திருந்தேன். கைப்பிடிக்குச் சிவப்புப் பூச்சு அடித்து, பலகைக்கு முன்னால் கம்பி வலைக் கதவு போட்டு, பூட்டி, திறப்புக் கோர்வையை இடுப்பில் கட்டியிருப்பேன். ஆலை முதலாளியே ஒருதரம் கேட்டுக் கொடுக்கவில்லை. இஸ்மாயில் நானா இதைச் சொல்லி என்னைப் பகிடி பண்ணாத நாள் இல்லை.

சீமெந்துத் தளத்தைத் தாண்டி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். விறாந்தையில் மாஸ்டர் எழும்பி நின்றார். பயமும் பெருமையும் சேர்ந்த முகம்.

"மருத்துவிச்சி இன்னும் வரேல்லை மாமா. ஆனால் மலருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கூப்பிடுறதுக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறன். கேளுங்கோ."

கேட்டேன். குசினிப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது மணி அடிக்கிற சத்தம் அல்ல. தொண்டை கட்டிய ஆள் பாட்டுப் படிக்க முயல்வது போல ஒரு இரைச்சல். விட்டு விட்டு நடுவில் ஒரு 'கிண்'.

என் மனைவி குசினிக்கும் அறைக்கும் நடுவில் நின்றா. "இஞ்சை பாருங்கோ, இவள் சும்மா சும்மா அமத்துறாள். மூண்டுதரம் ஓடி வந்திட்டன். கேட்டால் இல்லை எண்டுறாள்."

அறைக்குள்ளிருந்து மலரின் குரல்: "நான் அமத்தேல்லை அம்மா. அது தானாக் கத்துது."

"பற்றரி புதிசு மாமி. அதுதான் கொஞ்சம் உசார்" என்றார் மாஸ்டர்.

பற்றரிக்கு அப்படி இரைய வராது. அந்த இரைச்சலை நான் அறிவேன். என் டைனமோவின் குரல் அது.

"தம்பி, உந்த வயர் எந்த வழியாலை போகுது?"

"குழாயுக்குள்ளாலை மாமா. ஒரு ஆணி அடிக்கேல்லை."

அப்போதுதான் மலர் சொன்னாள்: "அப்பா, இந்தக் கட்டில் ஊருது. எறும்பு ஊருற மாதிரி."

அறை வாசலுக்கு வந்தேன். நிலையில் நின்று பார்த்ததை இன்றைக்கும் கண்ணை மூடாமலே பார்க்கிறேன். சுவரோடு ஒட்டிப் போட்ட இரும்புக் கட்டில். தலைமாட்டுச் சட்டத்தில் சுற்றிய வயர். அந்தச் சட்டத்தை மலரின் ஒரு கை இறுகப் பிடித்திருந்தது. மற்றக் கை சுவரை நோக்கி. ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. வெள்ளிக்கிழமை என்பதால் விளக்கு வைக்கமுன்னம் வீடு முழுவதையும் என் மனைவி கழுவி விட்டிருந்தா. தொங்கிய காலுக்கு அரை முழம் கீழே, சீமெந்துத் தரையில் தண்ணீர் இன்னும் மினுங்கியது.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரியும். ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்குவீர்கள். என் கால்களும் அதைத்தான் செய்யப் புறப்பட்டன.

கொழும்பில் நான் வேலை பழகிய இடத்தில் ஒரு மேலாளர் இருந்தார். எந்த விபத்தைக் கேள்விப்பட்டாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அந்த இடத்துக்குப் போவார். பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிற ஆள் போல இருக்கும். நாங்கள் பின்னாலே நின்று அவரைப் போல நடந்து காட்டிச் சிரித்திருக்கிறோம். ஏன் அப்படி என்று ஒருநாளும் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த மாலை, வாசலில் நின்றபடி பார்க்கிறேன், என் இரண்டு கையும் என் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன. எப்போது போயின என்று தெரியாது.

கை கட்டுப்பட்டதால் மூளை கொஞ்சம் ஓடியது. பிள்ளை பஞ்சு மெத்தையில் கிடக்கிறாள். கட்டில் கால்களுக்குக் கீழே, மழைக்காலத்தில் எறும்புக்காக வைத்த மரக்கட்டைகள் நல்லகாலமாக இன்னும் இருந்தன. கட்டில் முழுவதும் கரண்ட் ஏறியிருந்தாலும், அவள் தரையையும் சுவரையும் தொடாதவரை, கம்பியில் இருக்கிற காகம் போல அவளுக்கு ஒன்றும் இல்லை. அவளை யாராவது தொட்டால், தொட்டவருக்கும் அவளுக்கும் அதோடு சரி. அந்த நேரம் அந்த வீட்டில் அவளுக்கு இருந்த பெரிய ஆபத்து அவளில் அன்புள்ள ஆட்கள்தான்.

அதில் முதலாவது ஆள் சுடுதண்ணீர்ச் சட்டியோடு, வெறுங்காலோடு என் பக்கத்தால் உள்ளே போகப் பார்த்தா.

"நில்லும்."

"என்ன நில்லும்? தள்ளுங்கோ."

"அவளைத் தொடாதையும்."

"நோவிலை கிடக்கிற பிள்ளையைத் தொடாமல்? உங்களுக்கு விசரே?"

கத்தினால் மலர் பதறுவாள். பதறினால் கால் கீழே வரும். விளக்கம் சொன்னால் மாஸ்டர் பதறுவார். பதறினால் பிழையைத் திருத்த உள்ளே பாய்வார். ஆகவே அடுக்களையில் உப்புக் கேட்பவனைப் போன்ற குரலில், "கூடத்து மர வாங்கிலை ஏறி இரும். காலை மேலை வையும். பிறகு சொல்லுறன்" என்றேன். முப்பது வருடக் குடும்பத்தில் நான் சொன்னதை அவ மறுகேள்வி இல்லாமல் செய்தது அன்றைக்கு ஒருநாள்தான். என் முகத்தில் எதைக் கண்டாவோ தெரியாது.

பிறகு மலரிடம்: "பிள்ளை, நோ இப்ப இருக்குதோ?"

"கொஞ்சம் விட்டிருக்குது அப்பா."

"அப்ப மெல்ல அந்தக் காலை மெத்தையிலை எடுத்து வை. கீழை வையாதை. ஓம், அப்பிடித்தான். கையைச் சட்டத்திலையிருந்து எடு. சுவரிலை முட்டாதை. தலையணையைக் கட்டிப்பிடி."

அவள் செய்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா, நான் பிள்ளை பெறப் போறனோ, சேர்க்கஸ் காட்டப் போறனோ?"

"ரெண்டும்" என்றேன்.

வயரை வெட்டியிருக்கலாமே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இறப்பர்ப் பிடி போட்ட என் குறடு வீட்டில்தான் இருந்தது. மாஸ்டர் பகலில் எடுத்து வேலை செய்து, துடைத்து, மிகவும் ஒழுங்காக வைத்திருந்தார். கட்டிலுக்கு அப்பால், யன்னல் படியில். பிள்ளைக்கு மேலால் எட்டினால்தான் எடுக்கலாம்.

ஆகவே ஆலைக்கு ஒருவர் போக வேண்டும், இங்கே ஒருவர் நிற்க வேண்டும். நான் போவதுதான் விரைவு. ஆனால் நான் போனால், வாங்கில் இருந்தவ இறங்கிவிடுவா. அடுத்த நோவுக்கு மலர் "அம்மா" என்றால் எந்தக் கட்டளையும் அவவைத் தடுக்காது. மாஸ்டரை இங்கே நிற்க விட்டால் அவர் மனைவியின் கையைப் பிடிப்பார். பிடிக்காவிட்டால் அவரை நான் மருமகனாக எடுத்திருக்கவே மாட்டேன்.

அதனால் மாஸ்டரைத்தான் அனுப்ப வேண்டும். இங்கேதான் என் சட்டம் எனக்கு எதிரே வந்து நின்றது. அந்தச் சிவப்புக் கைப்பிடியை வேறு யார் சொன்னாலும் இஸ்மாயில் நானா இழுக்க மாட்டார். இழுக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிச் சொல்லி வைத்தவன் நான். கதவோ பூட்டு.

இடுப்பிலிருந்த திறப்புக் கோர்வையை அவிழ்த்தேன். என் மனைவி வாங்கிலிருந்து அதைப் பார்த்தா. நித்திரையில்கூட நான் அதை அவிழ்ப்பதில்லை என்பது அவவுக்குத் தெரியும். அப்போதுதான் அவவுடைய முகம் மாறியது.

"தம்பி, எனக்கு ஒரு உதவி செய்யுங்கோ. சைக்கிளிலை மில்லுக்குப் போய், இதை நானாவின்ரை கையிலை குடுங்கோ. சிவப்புக் கைப்பிடியைக் கீழை இழுக்கச் சொல்லுங்கோ. வேறை கதை வேண்டாம்."

"ஏன் மாமா? மணியிலை ஏதும்..."

"வெளிச்சம் கண்ணைக் குத்துதாம் பிள்ளைக்கு."

பொய்தான். மருமகனுக்கு நான் சொன்ன பொய்களில் அதுவே சிறந்தது. அவர் போனார்.

பிறகு எனக்கு வேலை ஒன்றும் இல்லை. என் தொழிலில் நான் செய்த ஆகக் கடினமான வேலை அதுதான். நான் கதிரையை வாசலில் குறுக்கே இழுத்துப் போட்டு, காலை மேலே வைத்து இருந்தேன். என் மனைவி வாங்கில் காலை மடக்கி இருந்தா. மகள் கட்டிலில் தலையணையைக் கட்டிப்பிடித்திருந்தாள். வெள்ளம் புகுந்த வீட்டில் ஆட்கள் இருப்பது போல மூன்று பேரும் காலைத் தூக்கிக்கொண்டிருந்தோம். குசினியில் மணி இரைந்துகொண்டே இருந்தது.

அயல்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தா. "என்ன, எல்லாரும் ஏறி இருக்கிறியள்? பாம்பே?"

"ஓம், பாம்புதான். உள்ளுக்கு வராதையுங்கோ" என்றேன். அவ ஓடிய வேகத்தில் அன்று வேறு யாரும் எங்கள் படலையைத் திறக்கவில்லை.

அடுத்த நோ வந்தது. மலர் பல்லைக் கடித்தாள். அவளுடைய கை தலையணையை விட்டுச் சட்டத்துக்குப் போனது. மற்றக் கை சுவருக்குப் போனது.

"மலர்." அவ்வளவுதான் சொன்னேன். சுவருக்குப் போன கை நடுவில் நின்றது. விரல்கள் மட்டும் ஆடின. "அப்பா, என்னாலை ஏலாது" என்றாள். அவள் சிறுபிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். ஒரு கால் தரையில். என் கைகளை நான் நம்பவில்லை. ஒன்றால் மற்றதைப் பிடித்திருந்தேன்.

"பிள்ளை, என்னைப் பார்" என்று வாங்கிலிருந்து என் மனைவி சொன்னா. "சுவரைப் பாராதை. என்னைப் பார். அப்பா சொன்னதைக் கேள். நான் இஞ்சைதான் இருக்கிறன்." காரணம் என்னவென்று இன்னும் யாரும் அவவுக்குச் சொல்லவில்லை. மலர் தாயைப் பார்த்தாள். கை சுவரைத் தொடாமலே திரும்பி வந்தது.

அந்த நேரம் மின்குமிழ் மங்கி, சிவந்து, அணைந்தது. குசினியில் இரைச்சல் நின்றது.

இருட்டில் எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. யன்னலோடு முட்டிக் குறட்டை எடுத்து, கட்டிலில் சுற்றிய வயரை வெட்டி, குழாய் வாயிலும் ஒருதரம் வெட்டி, கட்டிலைச் சுவரை விட்டு இழுத்தேன். பிறகுதான் பிள்ளையின் தலையில் கை வைத்தேன். வேர்வையில் நனைந்திருந்தது. என் மனைவி மற்றப் பக்கத்தில் ஏற்கனவே அவளைக் கட்டிப்பிடித்திருந்தா.

மாஸ்டர் மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றார்.

"நானா முதலிலை நம்பேல்லை மாமா. 'உங்கடை மாமா எஞ்சினுக்கு ஆள் அனுப்புற மனிசன் இல்லை மாப்பிள்ளை, தானே வந்துதான் ஏசுவார்' எண்டார். திறப்பைக் காட்டின உடனை முகம் வெளிறிப் போச்சு. ஒண்டும் கேக்கேல்லை. பூட்டைத் திறந்து இழுத்திட்டார்." பிறகு, வெட்டிய வயரைத் தடவிப் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டார். "வெளிச்சம் கண்ணைக் குத்தினதாலை இல்லை, என்ன மாமா?"

விஞ்ஞானம் படிப்பிப்பவர் அல்லவா.

"பிறகு கதைப்பம் தம்பி. இப்ப லாம்பைக் கொளுத்துவம்."

குழாயை மறுநாள் திறந்து பார்த்தோம். வளைவில், ஆலை கட்டிய நாளில் யாரோ கரண்ட் வயரில் போட்ட ஒரு இணைப்பு. மேலே சுற்றிய நாடா பழசு. மாஸ்டர் தன் வயரை இழுத்தபோது நாடா உரிந்து, வெறும் செம்பு மணி வயரின் பருத்தி நூலோடு ஒட்டிக் கிடந்தது. நூல் அந்த இடத்தில் கருகியிருந்தது. மாஸ்டர் அதைக் கையில் எடுத்தார். "ரெண்டு பற்றரி ஆரைத்தான் கடிக்கும் எண்டு நினைச்சன் மாமா" என்றார். அவர் சொன்னது சரி. இரண்டு பற்றரி ஒருவரையும் கடிக்காது. இரண்டு பற்றரிக்கு அந்த நூற்சட்டை போதும். ஆனால் குழாய்க்குள் அது யாரோடு படுத்துக் கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பக்கத்தில் கிடப்பவனுக்கு இறப்பர்க் கம்பளி தேவைப்படுகிறதென்றால், இவனுக்கும் அதே கம்பளி வேண்டும். இல்லையென்றால், வேறு குழாய். இடம் கிடக்குது தானே என்று கேட்ட தம்பிக்கு இதுதான் பதில். இடம் கிடக்கும். எப்போதும் கிடக்கும்.

இன்னொன்று. பகல் முழுக்க அந்த மணி வடிவாக வேலை செய்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டு உங்களில் யாராவது என்னிடம் வந்தால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொள்வேன். என் பேரன் இதைப் பார்த்துவிட்டு எனக்குப் பழிப்புக் காட்டுகிறான். வாசல் மணி எதிர்பாராமல் அடித்தால் தாத்தா காலைத் தூக்குகிறார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். அந்த வெள்ளிக்கிழமை இரவு கழிந்து, சனி விடியமுன்னம் வந்து பிறந்த பையன் அவன். அவனுக்கு இந்தக் கதை இன்னும் சொல்லப்படவில்லை. தகப்பன் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அந்த மாலைக்குத் திரும்புகிறேன். லொறி வந்து படலையில் நின்றது. மருத்துவிச்சி வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் பெட்டியும் மற்றக் கையில் தன்னுடைய அரிக்கன் லாம்புமாக உள்ளே வந்தா. இருட்டில் நின்ற எங்களை ஒவ்வொருவராக லாம்பைத் தூக்கிப் பார்த்தா. வாங்கு வாசலுக்கு நேரே, கதிரை வாசலுக்குக் குறுக்கே, கட்டில் அறைக்கு நடுவில், தரையெல்லாம் வயர்த் துண்டு. ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டை விட மோசமான வீடுகளைக் கண்டிருப்பா போல. மலரின் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "நேரம் கிடக்குது, வடிவா இருக்கிறாய்" என்றா. பிறகு லாம்பை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தா. நாலு சுவரையும் பார்த்தா. ஒரு கலண்டர்கூட இல்லாத வெறுஞ் சுவர்கள். என் மனைவி தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றா. மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"இதென்ன வீடப்பா, லாம்பு கொழுவ ஒரு ஆணி இல்லை" என்றா மருத்துவிச்சி. "நிண்டு பாக்காமல் ஆராவது சுத்தியலை எடுத்து, இந்தத் தலைமாட்டுச் சுவரிலை ஒண்டை அடியுங்கோ. பெரிசா அடியுங்கோ."